காலை நடை போகும் மும்பைத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸிலும் செம்பூர் டயமண்ட் கார்டனிலும் விடிந்ததும் விடியாததுமாகச் சுற்றிவரும் அன்பர்களுக்கு,

ஜனவரி மாதம் நம் நடைபாதைகளில் தோள் இடிக்காமல் போக முடியாது. ஹோலி வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். நின்றுபோனவர்களில் யாரையாவது காய்கறி மார்க்கெட்டில் பார்த்துக் கேட்டால் பதில் ஒன்றாகத்தான் இருக்கிறது: “ரெண்டு மாசம் நடந்தேன் சார். ஒரு கிலோ இறங்கல. அப்புறம் எதுக்கு?” அந்தப் பதில் என்னை வருத்துகிறது. நடையால் ஆகாத வேலையை நடையிடம் ஒப்படைத்துவிட்டு, அது செய்யவில்லை என்று அதையே விட்டுவிடுகிறோம். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்குத்தான். நடைக்கு அதில் சின்னப் பங்குதான் உண்டு. ஆனால் நடை செய்கிற வேறு சில வேலைகளைத் தட்டு எந்நாளும் செய்யாது. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் ஒன்றைக் கைவிட்டோம், மற்றதைத் தொடவே இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் வரை நடக்கிறார். அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியதைக் கழித்தால், நடையால் கூடுதலாகச் செலவானது சுமார் 150 கலோரி. நடை முடிந்து பாவ் தாஜி சாலைப் பக்கம் ஒதுங்குகிறோம். ராம் ஆஷ்ரய் 1939-இல் தொடங்கியது, கஃபே மெட்ராஸ் 1940-இல். அந்தக் கடைகளின் ருசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது, ஊரை விட்டு வந்த மூன்று தலைமுறைக்கு நாக்கில் ஊரைக் காட்டியவை அவை. ஆனால் ஒரு மெதுவடை ஏறக்குறைய அந்த 150 கலோரி. சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி 80, 100 வரை போகும். வடையும் காபியும் மட்டும் என்று கையைக் கட்டுப்படுத்திக்கொண்டவர்கூட, வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இருந்ததைவிடக் கூடுதல் கணக்கோடுதான் திரும்புகிறார். வெண்ணெய் மசால் தோசை சொன்னவர் கணக்கை நான் எழுதவில்லை.

செம்பூர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சேடா நகர் முருகன் கோயிலில் 108 படி. மூச்சு வாங்க ஏறி நிற்கும்போது பெரிய உழைப்பு உழைத்துவிட்டதாகத் தோன்றும். உடல் அந்த ஏற்றத்துக்குச் செலவிடுவது 15 கலோரி அளவில்தான். கையில் விழும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் அதைப்போலப் பல மடங்கு. பிரசாதம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் படிகள் உங்கள் தொடைக்கும் இதயத்துக்கும் செய்வது பெரிய காரியம். எடையைக் காரணமாக வைத்து ஏறினால்தான் ஏமாற்றம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளுக்கு 150 வீதம் மாதம் முழுக்க ஒரு நாள் தவறாமல் நடந்தால் 4,500. வழக்கத்தைவிட ஒரு பருக்கைகூட அதிகம் சாப்பிடாமல் இருந்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இறங்கவேண்டும். அதுவும் நடப்பதில்லை. நடந்த அன்று பசி கொஞ்சம் கூடுகிறது, “இன்னிக்கு நடந்தோமே” என்று மனமும் ஒரு தோசை கூடுதலாக அனுமதிக்கிறது. உடலும் தன் பங்குக்கு வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது. வடக்குத் தான்சானியாவில் ஹட்சா என்று ஒரு மக்கள் கூட்டம், இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அவர்கள் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறார்கள் என்று அளந்து 2012-இல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கும் அவர்களும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரே அளவுதான் செலவிட்டார்கள். ஆனால் ஹட்சாக்களில் தொந்தி போட்டவர்கள் கிடையாது. அவர்கள் உண்பது அப்படி.

நம் நாட்டிலேயே இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையின் தொழிலாளர்களை ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இரண்டு வங்காளி ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1956-இல் எழுதினார்கள். ஆலைக் கடைத்தெருவில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், மேற்பார்வையாளர்கள் ஒரு பக்கம். நெசவாளிகள், நிலக்கரி அள்ளுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். கொஞ்சமாவது உடல் அசைந்தவர்களிடம் உழைப்புக்கு ஏற்ப உணவு ஏறியது, எடை கட்டுக்குள் நின்றது. அசையாதவர்களிடம் இந்தப் பொருத்தமே அறுந்துபோயிருந்தது. கடைக்காரர்கள் மூட்டை தூக்கியவர்களுக்குச் சமமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கொஞ்சமும் அசையாத உடம்பில் ‘போதும்’ என்ற உணர்வு மங்கிவிடுகிறது. நடை கலோரியை எரிப்பது சொற்பமானாலும், அந்த உணர்வை அது தட்டி எழுப்புகிறது. வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் கணினி முன்னாலும் வேலை பார்க்கும் நாம் அந்தக் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையில்தான் வருகிறோம்.

தாராவியின் கதை வேறு. அதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மும்பைத் தெருக்களில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரரின் அலுமினியப் பாத்திரம் அங்கே தமிழ்ச் சந்துகளில்தான் நிரம்புகிறது. தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய அப்படி ஒரு சந்தில் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மத்தியானமே அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் ஏறிவிடும். மாவு புளித்து, அதிகாலை மூன்று மணிக்கு முதல் ஈடு அடுப்பில். ஆவிக்குள் குனிந்து துணியோடு தட்டை எடுத்து, நீர் தெளித்து, துணியை உரித்து, இட்லிகளைக் கூடையில் கவிழ்த்து, அடுத்த தட்டு. நின்றபடியே ஐந்து மணி நேரம். தண்ணீர்க் குடத்தோடு இரும்பு ஏணியில் மாடிக்கு ஏறுவதும் இறங்குவதும் தனி. அந்த அம்மாவின் எடை எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. மருத்துவரிடம் போனபோது “தினமும் நடங்க” என்று சொல்லி அனுப்பினார்களாம். என்னிடம் அவர் கேட்டது: “இதுக்கு மேல நான் எங்க போய் நடக்கதுக்கு அண்ணாச்சி?”

பதில் அவருடைய நாளின் சாப்பாட்டில் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கட்டிங் சாய். ஈடு இறங்கும் இடைவெளியில் இன்னொன்று. பத்து மணிக்குள் நாலைந்து ஆகிவிடும், பெரும்பாலும் காரி பிஸ்கட் துணையோடு. வியாபாரத்தில் மீந்த இட்லி பதினொரு மணிக்கு, எத்தனை என்று எண்ணாமல். மூன்று மணிக்குச் சோறு, நீர்த்த சாம்பார். பருப்பு கெட்டியாக இருப்பது விற்பனைக்குப் போகும் சாம்பாரில். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி ஒரு குன்று சோறு, சாப்பிட்ட கையோடு படுக்கை. நாள் முழுவதும் அரிசி, சர்க்கரை, எண்ணெய், மைதா. ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ அந்த நாளில் எங்கும் இல்லை. நாள் முடிவதற்குள் ஆகும் ஆறு கட்டிங் சாயில் மட்டும் 300 கலோரிக்குக் குறையாது. அதை நடந்தே கரைப்பதென்றால், 70 கிலோ ஆள் எட்டுக் கிலோமீட்டர் நடக்கவேண்டும். ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் கோதுமையும் இலவசமாகக் கிடைக்கிறது. வயிறு அதனால் காலியாக இருப்பதில்லை, அது பெரிய விஷயம். ஆனால் புரதத்தைக் கையிலிருந்து காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது, காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இவரைப் போன்றவர்களிடம் நம்மில் சிலர் ஓட்ஸையும் ஆலிவ் எண்ணெயையும் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவதற்குக் காசு வேண்டாம், மிச்சம்தான் ஆகும். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் தாராவியின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். முதல் நாள் ஊறப்போட்டால் இட்லி அடுப்பின் ஓரத்திலேயே வெந்துவிடும். ஒரு கிண்ணம் சுண்டல் தட்டில் வந்தால் சோற்றுக் குன்று தானாக இறங்கும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு நகர்ந்தால் அதுவே பாதி வைத்தியம். இவ்வளவுதான் அந்த அம்மாவிடம் நான் சொன்னது. உழைப்பைக் கூட்டச் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

இப்போது நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று சுற்று. ஒரு சுற்றில் 150 கிராம் சோறு என்றால் 200 கலோரி, மூன்றும் சேர்ந்து 600, அதுவும் சோறு மட்டும். ஒரு சுற்றை விட்டால் காலை நடையில் செலவானதைவிடக் கூடுதல் மிச்சம். விடுகிற இடத்தில் கூட்டும் பொரியலும் இரட்டிப்பாக வரட்டும், வயிறு ஏமாறாது. “ராத்திரி நாங்க சப்பாத்திதான் சார்” என்று மும்பைத் தமிழ் வீடுகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. நெய் தடவிய நாலு சப்பாத்தி 500 கலோரியைத் தொடும். ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு 2025-இல் சொன்னது இதற்குப் பொருந்தும்: இந்தியர்களின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மாற்றுவதால் நீரிழிவு ஆபத்து குறையவில்லை. கம்பும் கேழ்வரகும் நல்லவைதான். அளவு குறையாமல் அவை உதவ மாட்டா.

மகாராஷ்டிரத்தில் டாக்டர் ஜகந்நாத் தீட்சித்தின் ‘இரண்டே வேளை’ முறையைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 55 நிமிடத்துக்குள், கூடவே 45 நிமிட நடை. மும்பையின் ருஜுதா திவேகர் சொல்வது கிட்டத்தட்ட எதிர்த்திசை: ஊர்ச் சாப்பாட்டை, நெய்யோடு, பயப்படாமல், அளவறிந்து சாப்பிடுங்கள் என்கிறார். யார் கட்சி என்று நம் பெஞ்சுகளில் சூடாகவே பேசியிருக்கிறோம். என் எண்ணத்தில் முதல் முறை பலருக்குப் பலிப்பது, வாயில் ஏதாவது போடும் சந்தர்ப்பங்களை அது அடைத்துவிடுவதால். இரண்டாவது பலிப்பது, பிடித்ததைச் சாப்பிடுகிறவர் பத்து வருடம் அதைத் தொடர முடியும் என்பதால். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேளையைக் குறைக்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போவது எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்குள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் நாலு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் பிரிகிறது என்று சமைக்கிறவரிடம் கேளுங்கள்.

சமைக்கிறவரிடம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் தோட்டத்தைச் சுற்றும் அந்த 45 நிமிடத்தில் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பது யார்? திரும்பியதும் சூடாகக் காபி வரவேண்டும் என்பதற்காக எழுந்தவர் யார்? நம் குழுக்களில் மாமாக்கள் நிறைய, மாமிகள் குறைவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ள பெண்கள் 40.4 விழுக்காடு, ஆண்கள் 37. தட்டை மாற்றவேண்டும் என்று இங்கே பெஞ்சில் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டு, மாற்றும் வேலையையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. காய் நறுக்குவதில் தொடங்குங்கள்.

இனி நடைக்கு வருகிறேன். எடை இறங்காவிட்டால் அது எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். சிலருக்குத் தினமும் அரை மணி நேரமாவது நடையும், சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த சாப்பாடும் என்று தொடர்ந்த வழிகாட்டல். மூன்றாண்டில் முதல் கூட்டத்தில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது, இரண்டாவதில் 39.3. இரண்டாவது கூட்டத்தின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. எடை மெஷின் எதையும் காட்டாத அந்த மூன்று வருடமும் உள்ளே வேலை நடந்திருக்கிறது. நடக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே இதன் பலன் தெரியும்.

நம் இனத்துக்கு இது இன்னும் முக்கியம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியனுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, தசை குறைவாக இருக்கிறது. ஆகவே எடை மெஷினை விட நாடாவை நம்புங்கள்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது.

பட்டினி மட்டும் கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், நமக்கோ அது முதலிலேயே குறைச்சல். குறைந்த எடை திரும்பி வராமல் பிடித்து வைப்பதிலும் நடைக்குத்தான் வேலை. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. கணிசமாக எடை குறைத்து, குறைந்ததைக் காப்பாற்றியவர்கள் அதில் பெயர் பதிந்திருக்கிறார்கள். அவர்களில் 98 விழுக்காட்டினர் உணவை மாற்றியவர்கள், 94 விழுக்காட்டினர் உடலசைவைக் கூட்டியவர்கள். எதைச் செய்தீர்கள் என்றால் அதிகம் பேர் சொன்னது நடை.

எடையைக் குறைக்கும் ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தபிறகு நம் பேச்சிலும் ஊசி நுழைந்துவிட்டது. மருத்துவர் சொல்லி எடுப்பவர்களுக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது யாரையும் ஓட வைப்பதில்லை. பசியைத் தணிக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதிக்கிறது, ஆள் குறைவாகச் சாப்பிடுகிறார், எடை இறங்குகிறது. எடை எங்கே முடிவாகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த ஊசியிலும் தசை கரையும் என்பதால் எடை தூக்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது சில காரியங்கள். சுற்று முடிந்ததும் வாரம் இரண்டு நாளாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் பத்துப் பத்து முறை செய்வோம். முழங்கால் ஒத்துழைக்கிற அளவுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை டிபன் தொடரட்டும், ஞாயிறு மட்டும். மற்ற நாள் காபிக்குச் சர்க்கரை வேண்டாம். வீட்டுப் பெண்களை அழைத்து வாருங்கள், அன்றைய காலைச் சமையலை முந்தின இரவே பகிர்ந்து முடித்துவிட்டு.

அடுத்து, தாராவி. சயானுக்கும் பாந்த்ரா குர்லா வளாகத்துக்கும் நடுவே, மீட்டி நதியோரம், ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடத்தில் மகாராஷ்டிர நேச்சர் பார்க் வளர்ந்து நிற்கிறது. தாராவிச் சந்துகளில் கால் நீட்டி நடக்க இடமில்லை, ஆனால் இது அவர்கள் வாசலிலேயே இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு நம் இரண்டு குழுக்களும் அங்கே போவோம். அங்குள்ள தமிழ்ப் பெண்களை அழைப்போம். அவர்களுக்கு அடுப்பு அணைவது எட்டு மணிக்கு மேல்தான், ஆகவே நேரத்தை அவர்கள் சொல்லட்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்ல நம்மிடையே ஓய்வுபெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். சுண்டலுக்கு ஒரு மூட்டை கொண்டைக்கடலை வாங்கிப் போட நம்மால் முடியும். முதல் சந்திப்பு எந்த ஞாயிறு என்பதை இந்த வாரமே டயமண்ட் கார்டன் வாசலில் பேசி முடிவு செய்யலாம். ஏழு மணிக்கு அங்கே இருப்பேன்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து உங்கள் நடைத் தோழன்